எண்ணுக்காக விழுங்கிய குளுசை

மாத்தளை மாவட்டத்தில் கொலஸ்ட்ரோல் குளுசை என்றால் இன்று யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இரத்தோட்டையில் பஸ் ஏறும் ஓய்வுபெற்ற கொழுந்துக்கார அம்மாவின் பையில் அது இருக்கிறது. உக்குவளையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நானாவின் மேசை லாச்சியில் இருக்கிறது. தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் விடியும் முன்பே மரக்கறி மூட்டைக்கு விலை பேசும் முதலாளியின் சட்டைப் பையிலும் இருக்கிறது. கிளினிக் கொப்பியைப் புரட்டினால் பிரஷர் குளுசைக்கும் சீனி வருத்தக் குளுசைக்கும் கீழே கடைசி வரியாக அட்டோர்வஸ்டாட்டின் என்று எழுதியிருப்பார்கள். அதைப் போட்டுத் தரும் கடதாசி உறையில் இரவு என்ற இடத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்திருக்கும்.

இந்தக் குளுசை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். "கொழுப்பு குறையுறதுக்கு" என்பார்கள். பிழையான பதில் அல்ல. ஆனால் அது முப்பது வருடத்துக்கு முந்திய பதில். இந்த மருந்தைப் பற்றிய மருத்துவ உலகின் எண்ணம் அதற்குப் பிறகு வெகுவாக மாறிவிட்டது. அந்த மாற்றம் கிளினிக் அறைக்குள் வந்துவிட்டது. வெளியே வாங்கில் காத்திருப்பவர்களிடம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இந்த மாவட்டத்தின் நோய்க் கணக்கில் கொழுப்பு பின்னால் வந்த விருந்தாளி. ரொக்ஃபெல்லர் மன்றம் 1916இல் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது முதலில் கை வைத்தது மாத்தளைத் தோட்டங்களில்தான். வெறுங்காலோடு மலையேறிய எங்கள் மூத்தவர்களின் இரத்தத்தை அந்தப் புழு உறிஞ்சியது. நாவுல, தம்புள்ளைப் பக்கத்து வரண்ட நிலத்தில் மலேரியா. அந்தக் காலத்து லயத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டுவதே பெரிய காரியம். இதயத்தின் குழாய் மெல்ல மெல்லத் தடிக்கும் வரை பலருக்கு ஆயுள் கிடைக்கவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தபோது, சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்குமான கிளினிக்குகள் ஏற்கனவே நிரம்பி வழிந்தன.

நெஞ்சடைப்பு அன்றும் இருந்தது. ஆனால் அதற்குச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உலகம் முழுவதுமே மாரடைப்புக்காரரைப் படுக்கையில் கிடத்தி வைத்துப் பார்த்த காலம் அது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டவரை எல்கடுவைப் பக்கத்து மலையிலிருந்து இறக்கி மாத்தளைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கண்டிக்கு ஏற்றுவார்கள். பிழைத்து வந்தவருக்குக் கிடைத்த புத்திமதி, தேங்காய்ப்பாலைக் குறை, முட்டையை விடு, பாரம் தூக்காதே. வீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு சட்டியில் பால் விடாத கறி கொதிக்கும். அவ்வளவுதான் சிகிச்சை.

குளுசையின் கதை ஓர் அரிசிக் கடையில் தொடங்குகிறது. ஜப்பானில் சங்கியோ நிறுவனத்தில் வேலை செய்த அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சணத்தில் கிடைக்குமா என்று ஆயிரக்கணக்கான பூஞ்சண வகைகளைச் சலித்தெடுத்தார். கியோட்டோ நகரத்து தானியக் கடையின் அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் 1973இல் அது கிடைத்தது. ஸ்டாட்டின் குடும்பத்தின் முதல் மருந்து அதுதான். மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களில், கொலஸ்ட்ரோலுக்கு இயற்கை மருந்து என்று போத்தலில் அடைத்ததைக் கையில் எடுக்கும் உறவினர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வைத்தியர் எழுதித் தரும் அந்த வெள்ளைக் குளுசையின் மூலமும் அரிசியில் பூத்த ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், குளுசையை இலட்சக்கணக்கான மனிதர்களில் வருடக்கணக்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போத்தலில் இருப்பதை அப்படி யாரும் சோதிக்கவில்லை.

இதே வகையைச் சேர்ந்த லோவஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதன் பிறகும் பல வருடங்கள் வைத்தியர்களே அதை முழுமனதாக நம்பவில்லை. கொழுப்பைக் குறைக்கிறது சரி, உயிரைக் காக்கிறதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1994இல் ஸ்கண்டிநேவிய நாடுகளிலிருந்து பதில் வந்தது. இதய நோயுள்ள 4,444 பேரில் பாதிப் பேருக்குச் சிம்வஸ்டாட்டினும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்றுக் குளுசையும் கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். வெற்றுக் குளுசை குடித்தவர்களில் 256 பேர் இறந்திருந்தார்கள். மருந்து குடித்தவர்களில் 182 பேர்.

அந்த நாட்களில் மாத்தளையில் இது காசுக்காரர் மருந்து. தனியார் கிளினிக்கில் டொக்டரைப் பார்த்து, கண்டியிலோ கொழும்பிலோ வாங்க வேண்டியிருந்தது. வாங்கியவர்களும் எண்ணைப் பார்த்தே வாங்கினார்கள். 200 என்பது எல்லைக் கோடு. அதற்கு மேலே போனால் குளுசை, கீழே இறங்கினால் நிம்மதி. இரவு முழுவதும் பட்டினி கிடந்து, அதிகாலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, இரத்தம் கொடுத்துவிட்டு வந்து, மாலையில் ரிப்போட்டை வாங்கி நேரே அந்த ஓர் எண்ணைத்தான் தேடுவார்கள். குளுசை அந்த எண்ணுக்கான மருந்து என்றே எல்லோரும் நினைத்தார்கள். வைத்தியர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள்.

என் பெரியப்பா ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எண்களோடு வாழ்ந்த மனிதர். கொலஸ்ட்ரோல் 240 என்று வந்த அன்று குளுசையைத் தொடங்கினார். 180க்கு இறங்கிய அன்று நிறுத்தினார். "வேல முடிஞ்சிருச்சு, இனி எதுக்கு?" என்று பெரியம்மாவிடம் சொன்னாராம். ரிப்போட்டை மடித்து, மின்சார பில்கள் வைக்கும் கோவையில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப்போன வலது கை எழும்பவில்லை. பாரிசவாதம். குளுசையை நிறுத்தியதால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பிரஷரும் இருந்தது, வயதும் இருந்தது. ஆனால் எண் இறங்கியதும் வேலை முடிந்தது என்ற அந்தக் கணக்கு பிழை. அது அவர் ஒருவருடைய பிழையும் இல்லை. ஊர் முழுக்க அப்படித்தான் கணக்குப் பார்த்தது.

இரண்டாயிரத்துக்குப் பின்வந்த ஆய்வுகள் இந்தக் கணக்கையே கலைத்துப் போட்டன. 2002இல் பிரித்தானியாவில் 20,536 பேரை வைத்து நடந்த இதயப் பாதுகாப்பு ஆய்வின் முடிவு வெளிவந்தது. இதய நோயோ பாரிசவாதமோ சீனி வருத்தமோ இருப்பவர்களில், கொலஸ்ட்ரோல் தொடக்கத்திலேயே குறைவாக இருந்தவர்களும் சிம்வஸ்டாட்டினால் அதே அளவு பயன் பெற்றார்கள். மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற ஆபத்துகள் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்தன. இரண்டு வருடம் கழித்து, கொழுப்பு அப்படியொன்றும் உயராத 2,838 சீனி வருத்தக்காரர்களிடம் வெறும் 10 மில்லிகிராம் அட்டோர்வஸ்டாட்டின் அந்த ஆபத்துகளை 37 வீதம் குறைத்தது. பயன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். சீனி வருத்தக் கிளினிக்கில் "எனக்குக் கொலஸ்ட்ரோல் இல்லையே, இந்தக் குளுசை ஏன்?" என்று முறையிடுபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கான பதில் அந்த 2,838 பேரிடம் இருக்கிறது.

வேகமும் வைத்தியர்களை யோசிக்க வைத்தது. மாரடைப்போடும் அதற்கு முந்திய நெஞ்சுவலியோடும் வந்தவர்களுக்கு நாலு நாளுக்குள் அட்டோர்வஸ்டாட்டினை உச்ச அளவில் தொடங்கிப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. பதினாறு வாரத்திலேயே பலன் தெரிந்தது. வருடக்கணக்காகப் படிந்த கொழுப்பு நாலு மாதத்தில் கரைந்தோடிவிடாது. அப்படியானால் குளுசை வேறு ஏதோ ஒன்றையும் செய்கிறது.

அந்த வேறு ஒன்றை விளங்கிக்கொள்ள எங்கள் தோட்டத்துப் பீலியை நினைத்தால் போதும். மலையுச்சி ஊற்றிலிருந்து ஒரே வாய்க்காலாக இறங்கும் தண்ணீர், கீழே பிரிந்து ஒரு கிளை லயத்துத் தொட்டிக்கும் மற்றக் கிளைகள் மரக்கறிப் பாத்திகளுக்கும் போகும். தொட்டி நிரம்பி வழிகிறதே என்று மேலே ஊற்றுக்கண்ணில் பலகை வைத்து மறித்தால், பாத்திக்குப் போகும் தண்ணீரும் சேர்ந்து குறையும். ஈரலில் கொலஸ்ட்ரோல் உருவாகும் பாதையில் ஸ்டாட்டின் தடுக்கும் இடம் அப்படி மிக மேலே இருக்கிறது. அதற்குக் கீழே கொலஸ்ட்ரோலுக்குப் போகும் கிளை ஒன்று. உயிரணுவுக்குள் அழற்சிக்கும் குழாய்ச் சுருக்கத்துக்கும் கட்டளையிடும் சில புரதங்களை இயக்கும் பொருட்களுக்குப் போகும் கிளைகள் வேறு. அவையும் குறைகின்றன. இரத்தக் குழாயின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டைக் கூடுதலாகச் சுரந்து தளர்கிறது. கொழுப்புப் படிவுக்குள் மொய்த்திருக்கும் அழற்சி அணுக்கள் அடங்குகின்றன. இரத்தம் உறையும் போக்கும் ஓரளவு தணிகிறது.

இதில் படிவின் மேல்தோல்தான் முக்கியம். மாரடைப்பு என்றால் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து ஒருநாள் முழுதாக மூடிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மாரடைப்புகள் அப்படி வருவதில்லை. பாதி கூட அடைக்காத ஒரு படிவு, மேல்தோல் மெலிந்து, ஒரு கணத்தில் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து வழியை மூடுகிறது. அதனால்தான் முதல்நாள் வரை மிளகு ஆய ஏணி ஏறிய மனிதர் மறுநாள் விழுகிறார். ஸ்டாட்டின் அந்த மேல்தோலைத் தடிப்பாக்குகிறது, உள்ளே இருக்கும் கொழுப்புக் கூழைச் சுருக்குகிறது. ரிப்போட்டில் இதற்கு ஓர் எண் கிடையாது.

2008இல் வெளிவந்த ஜுப்பிட்டர் ஆய்வு இந்த எண்ணத்துக்குப் பெரிய உந்துதல் கொடுத்தது. கொலஸ்ட்ரோல் சாதாரண அளவில் இருந்து, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மட்டும் உயர்ந்திருந்த 17,802 பேரை வைத்து ரோசுவஸ்டாட்டினைச் சோதித்துப் பார்த்ததில் மாரடைப்பு, பாரிசவாதம் முதலியவை 44 வீதம் குறைந்தன. கெட்ட கொழுப்பு பாதியாகவும் சி.ஆர்.பி. 37 வீதமும் இறங்கின. இரண்டும் சேர்ந்து இறங்கியதால், காத்தது எது என்ற வழக்கு தீரவில்லை. அந்த வழக்கில் இரு தரப்புக்கும் சாட்சி உண்டு. ஸ்டாட்டின் அல்லாத வேறு மருந்தால் கெட்ட கொழுப்பை இறக்கினாலும் மாரடைப்பு குறைகிறது. 2015இலும் 2017இலும் வந்த பெரிய ஆய்வுகள் அதைக் காட்டின. மறுபுறம், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஓர் ஊசியும் மாரடைப்பைக் குறைத்தது, அதுவும் 2017தான். என் வாசிப்பில், கொழுப்பைக் குறைப்பதுதான் இந்தக் குளுசையின் பெரிய வேலை. குழாய்ச் சுவருக்குச் செய்யும் உபகாரம் அதோடு சேர்ந்து வருவது. அதை மட்டும் பிரித்தெடுத்து, கொழுப்பு ஒரு பொருட்டே அல்ல என்று பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கொழுப்புக்கு அப்பாலும் பயன் உண்டு என்ற செய்தி பரவியதும், உலகத்தில் உள்ள நோயெல்லாவற்றுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நோய் ஓடும் வேகம் குறையவில்லை. இதயம் தளர்ந்து கால் வீங்கியவர்களுக்குக் கொடுத்தார்கள், ஆயுள் கூடவில்லை. கடும் கிருமித் தொற்றில் மூச்சுத் திணறியவர்களுக்கும் உதவவில்லை. நிலைத்து நின்றது இரத்தக் குழாய் சார்ந்த பயன்தான். அதில் பாரிசவாதமும் அடக்கம். முன்பு பாரிசவாதம் கண்டவர்களில் 4,731 பேரை வைத்து 2006இல் வெளிவந்த ஆய்வில், அட்டோர்வஸ்டாட்டின் அடுத்த பாரிசவாதத்தை 16 வீதம் குறைத்தது. மூளையில் இரத்தம் கசியும் வகை மட்டும் சற்றுக் கூடியது. அதனால்தான் எந்த வகைப் பாரிசவாதம் என்று வைத்தியர் பார்த்துவிட்டு எழுதுகிறார்.

வில்கமுவைப் பக்கத்தில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் அங்கே பல விவசாயக் குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. கொலஸ்ட்ரோல் குளுசை கிட்னியைக் காப்பாற்றுமா? சிறுநீரக நோயாளர் 9,270 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. சிம்வஸ்டாட்டினோடு இன்னொரு கொழுப்பு மருந்தும் சேர்த்துக் கொடுத்ததில் மாரடைப்பும் பாரிசவாதமும் ஆறில் ஒரு பங்கு குறைந்தன. சிறுநீரகம் பழுதாகும் வேகம் குறையவில்லை. ஆகவே கிட்னிக்காரருக்கும் குளுசை தேவை, அவருடைய இதயத்துக்காக. கிட்னிக்காக என்று யாராவது விற்றால் வாங்கக்கூடாது.

தோட்டத்தில் அதிகம் கேட்கும் முறைப்பாடு உடம்பு நோவு. "இந்தக் குளுசை சூடு, குடிச்சா கை கால் கடுக்குது" என்பார்கள். சொல்லும் நோவு பொய்யில்லை. பத்து மணி நேரம் சரிவில் நின்று கொழுந்து எடுத்த உடம்பு அது. ஆனால் 2020இல் பிரித்தானியாவில், நோவு தாங்காமல் குளுசையை நிறுத்திய 60 பேருக்கு ஒரு மாதம் மருந்து, ஒரு மாதம் வெற்றுக் குளுசை, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தின்போது வந்த நோவில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றுக் குளுசையின்போதும் வந்தது. உண்மையான தசைச் சேதமும் அரிதாக உண்டு. அதன் காரணமாகவே செரிவஸ்டாட்டின் என்ற உறவுக்கார மருந்தை 2001இல் உலகச் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தார்கள். தசை கடுமையாக நொந்து, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீனி வருத்தம் வரக்கூடியவருக்கு அது சற்று முந்தி வரலாம் என்பதும் உண்மை. கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பத்துக்கு ஆயத்தமாகிறவர் வைத்தியரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். மற்றபடி சூடு என்ற ஒரு சொல்லை நம்பி இதை விட்டுவிடுவது பெரிய நட்டம்.

காசுக்காரர் மருந்து லயத்துக்கு வந்தது எப்படி? காப்புரிமைகள் முடிந்தன. சிம்வஸ்டாட்டினுக்கு அமெரிக்காவில் 2006இல், அட்டோர்வஸ்டாட்டினுக்கு 2011இல். இந்தியக் கம்பனிகள் மலிவாகச் செய்து அனுப்பின. அவற்றை மருந்துப் பெயரில் மொத்தமாக வாங்கும் வழி எங்கள் நாட்டில் முன்பே போடப்பட்டிருந்தது. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் உருவாக்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு மலையகத்து ஏழை வீடுகள் பட்டிருக்கும் கடன் சொல்லி முடியாது. இன்று இந்தக் குளுசை அரச கிளினிக்கில் இலவசம். 2022 நெருக்கடியில் அந்த வரம் ஆட்டம் கண்டது. நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு, வெளியே வாங்கச் சொல்லும் துண்டுச் சீட்டு. பிரஷர் குளுசையை எப்படியாவது வாங்கி, கொலஸ்ட்ரோல் குளுசையைக் கைவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும். அது எண்ணுக்கான குளுசைதானே என்ற நினைப்பு அன்று அவர்களுக்கு எளிதாக வழிவிட்டது.

கிளினிக்கின் உள்ளே நிலைமை வேறு. 2011 முதல் நாடெங்கும் திறந்த ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் நிறக் கட்டங்கள் போட்ட ஓர் அட்டவணை இருக்கும். வயது, ஆணா பெண்ணா, சீனி வருத்தம், பிரஷர், புகைத்தல் ஆகியவற்றைப் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் ஆபத்து எவ்வளவு என்று பச்சையிலிருந்து சிவப்பு வரை விரல் வைத்துச் சொல்கிறார்கள். கொலஸ்ட்ரோல் எண் இல்லாமலேயே பார்க்கக்கூடிய அட்டவணையையும் உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கிறது. எல்லோரும் 200ஐத் தேடிய காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை. கிளினிக் மேசையில் ஒரு மிஸ்ஸி வயதான ஒருவரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: "ஐயா, ரிப்போட் நல்லா இருக்கிறது நீங்க குளுசை குடிச்சதால. உங்க கொப்பியில நான் பாக்கிறது ரிப்போட்ட இல்ல, உங்க வயசையும் சீனியையும் பிரஷரையும்."

மிச்சம் இருப்பது மலையிலிருந்து இறங்கும் பாதை. கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் காசும் கொடுத்து, வருத்தம் ஒன்றும் தெரியாத உடம்புக்கு மாதாமாதம் குளுசை வாங்கப் போ என்று ஒரு கொழுந்துக்காரப் பெண்ணிடம் சொல்வது சுலபம். 2020இல் ஊரடங்கு போட்டபோது, கிளினிக் நோயாளருக்கான மருந்தைச் சுகாதாரப் பகுதியும் தபால் திணைக்களமும் சேர்ந்து வீட்டு வாசலுக்கே அனுப்பின. செய்ய முடியும் என்று அன்றே தெரிந்துபோயிற்று. நிலைமை சீராக இருப்பவர்களுக்கு அதை நிரந்தரமாக்கலாம். அதற்கு முதலில் வீட்டுக்கு முகவரி வேண்டும். எங்கள் தோட்டங்களில் இன்னும் எத்தனையோ லயங்களுக்கு வீட்டிலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறித்தான் லயத்துக்குப் போகிறது. மருந்துப் பொதியும் இன்றைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கும்.